காற்றுக்கு ஒரு மதகு

புதிதாக வாங்கிய டேப்லெட்டின் அட்டைப் பெட்டியைப் பிரித்து, கண்ணாடியின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை உரித்து, பக்கவாட்டுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்ததும் திரையில் ஒளி பரவுகிறதே, அந்த வேளையில் அச்சாதனம் நம்மிடம் கேட்கும் கேள்விகளின் வரிசை சிந்தனைக்குரியது. எந்த மொழியில் பேசுவது என்று முதலில் கேட்கிறது. எந்த வைஃபையில் சேர்வது என்று அடுத்துக் கேட்கிறது. மற்றவை யாவும் அதற்குப் பின்னர்தான். எங்கும் சேராத டேப்லெட்டுக்கு நேரம் இன்னதென்றுகூட நிச்சயமாகத் தெரியாது. பத்திரிகையும் பாட்டும் கடிதமும் வேறெங்கோ இருக்க, கையில் இருப்பது ஒரு கண்ணாடிப் பலகை மட்டுமே. ஒரு வீட்டின் காற்றில் அதற்கு இடம் கிடைத்த பிறகே அது பயனுள்ள சாதனமாகிறது. அந்த இடம் கிடைக்கும் சில விநாடிகளில் உண்மையில் என்ன நிகழ்கிறது, அதைக் கொடுக்கும் அதிகாரம் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு விஷயங்களும், மதுராந்தகத்தில் பெரிய ஏரியின் கரைக்குக் கீழே வசிக்கும் எனக்குச் சில காலமாக மனத்தை விட்டு அகலாதவையாக இருந்து வருகின்றன.

கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல் விரிகிறது. தெருவில் உள்ள ரூட்டர் ஒவ்வொன்றும் தன் பெயரை விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, இரவு பகல் என்ற பேதமின்றி, கேட்பார் உண்டோ இல்லையோ என்ற கவலையுமின்றி அறிவித்துக்கொண்டே இருப்பதால், புதிதாக வந்த டேப்லெட் விழித்த மாத்திரத்தில் அத்தனை பெயர்களையும் செவியுற்று வரிசைப்படுத்திவிடுகிறது. பேரக்குழந்தையின் பெயரைச் சூட்டியிருக்கும் வீடும், குலதெய்வத்தின் பெயரைச் சூட்டியிருக்கும் வீடும், கம்பெனி கொடுத்த பெயரோடும் அதன் வாலில் தொங்கும் நான்கு எண்களோடும் அப்படியே விட்டுவிட்ட வீடும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சுவர்கள் எழுப்பி, கதவுகள் வைத்து, திண்ணைக்குக் கம்பிகூடப் போட்டுப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் எல்லாம் அந்தச் சிறிய திரையில் ஒரே பத்தியில் கூடியிருப்பதைக் காணும்போது, காற்றென்பது இன்னும் பொதுச் சொத்தாகவே இருந்து வருகிறது என்ற பிரத்தியட்ச உண்மை நமக்குப் புலனாகிறது.

இந்தப் பொதுமை நமக்கு எளிதில் வாய்த்ததன்று. 1924-ல் சென்னையில் ஆர்வலர்கள் சிலர் மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பு நடத்திய காலம் முதற்கொண்டு, 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்து, அதன்பின் பல பத்தாண்டுகள் கழியும் வரையிலும், ஆகாயத்தில் வரும் அலையைத் தம் வீட்டிலிருந்தபடி வெறுமனே கேட்பதற்குக்கூடக் குடிமக்கள் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம், அனுமதியின்றி ஒரு கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. அஞ்சலகத்துக்குப் போய்க் கட்டணம் செலுத்தி, சிறிய புத்தகத்தில் முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்திய தலைமுறையினர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கடமை 1980-களின் நடுப்பகுதியில்தான் நீங்கியது. கேட்பதற்கே இவ்வளவு என்றால், வீட்டிலிருந்து அலைகளை அனுப்பும் உரிமை எத்தனை தூரத்தில் இருந்திருக்கும்! 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று விதி வகுத்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விசாலமான இடம் அவ்வாறே திறந்துவிடப்பட்டது. இன்று ஒரு மூதாட்டி தம் கூடத்தில் ரூட்டரைப் பொருத்திக்கொள்ளும்போது யாரிடமும் மனுக் கொடுக்காமல் ஒரு சிறிய வானொலி நிலையத்தை நடத்தத் தொடங்குகிறார் என்பதே சட்டத்தின் பார்வையில் சரியான வருணனை. அரசு கைவிட்ட ஓர் அதிகாரம் இவ்வளவு சந்தடியின்றி வீட்டுக்குள் வந்து சேர்ந்ததற்கு வேறு உதாரணங்களை நான் அதிகம் அறியேன்.

பொதுவாய்க் கிடைத்ததைப் பங்கிடுவது எப்படி என்ற கேள்வி அடுத்து எழுகிறது. ஒரே காற்றில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971-ல் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி மூலம் இணைத்தபோது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசலாம் என்ற அளவில் விதியை வைத்தார்கள். அந்த முறையில் அலைவரிசையின் கொள்திறனில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்குக்கு மேல் பயன்பட வழியில்லை என்பது கணக்கில் தெளிவாயிற்று. எஞ்சியது மோதலிலும் காத்திருப்பிலும் வீணாயிற்று. வைஃபை அதிலிருந்து கற்றுக்கொண்டது. பேசுமுன் கேள், காற்று அமைதியாக இருந்தாலும் உடனே பேசிவிடாதே, மனம்போன ஓர் எண்ணைத் தேர்ந்து அதுவரை எண்ணிக்கொண்டிரு, அதற்குள் வேறொருவன் தொடங்கிவிட்டால் நிறுத்திவிட்டுக் காத்திரு, உன் பேச்சு போய்ச் சேரவில்லையென்று தெரிந்தால் அடுத்த முறை இன்னும் பெரிய எண்ணிக்கையிலிருந்து தேர்ந்தெடு. இந்த ஒழுங்கைக் கண்காணிக்க மேலே ஒருவரும் இல்லை; தெருவிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு டேப்லெட்டும் தானே அதற்குக் கட்டுப்படுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏரியின் பாசன முறை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நீர் எல்லோருக்கும் உரியது, ஆயினும் எல்லோருக்கும் ஒரே நாழிகையில் உரியதன்று. மேல்மடைக்காரன் தன் முறை தீர்ந்ததும் அடைத்தால்தான் கடைமடைக்காரன் பயிர் பிழைக்கும். செங்கல்பட்டுச் சீமை முழுவதுமே ஏரிகளால் உயிர்வாழ்ந்த பூமி. ஆறு மாதம் வானம் பார்த்துக் கிடக்கும் அந்த ஏரிகளை நம்பி நூற்றாண்டுகள் விவசாயம் நடந்ததற்குக் காரணம், தண்ணீர் மிகுதியாக இருந்தது என்பதல்ல, முறை இருந்தது என்பதே.

சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவர்களைக் கடக்கச் செய்து, அப்பால் ஒரு மணியை ஒலிக்கவைத்துக் காட்டினார். அதே வித்தைதான் இன்று நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கிறது. ஆனால் சுவருக்குச் சுவர் வித்தியாசம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. பின்னது வேகத்தில் மேம்பட்டது, சுவரைக் கடப்பதிலோ பலவீனமானது. எங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் கனத்த செங்கற்சுவர்களுக்குப் பின்னால், முக்கியமாக ஐப்பசி கார்த்திகை மழையில் அவை ஈரம் குடித்து நிற்கும் நாட்களில், சமையலறைக்குள் டேப்லெட் திணறுவதற்கு இயற்கையான காரணம் இதுதான். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பி வந்து நுழையும் வாசல் அறையிலேயே பெட்டியை ஆணியடித்து விட்டுப் போவது வழக்கமாக இருந்தாலும், வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, இரும்பு அலமாரிக்கு விலகி அதை வைப்பதே நல்லது. முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளில் முற்றத்தைப் பார்த்த தாழ்வாரமே அதற்கு உத்தமமான ஸ்தானம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பட்டியலில் நம் வீட்டின் பெயரைத் தொட்டதும் கடவுச்சொல்லைக் கேட்கிறது. இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. அதை ஊன்றிப் பார்த்தால்தான் அதற்குக் கண்ட பரிகாரத்தின் அழகு விளங்கும். காற்றில் சொல்லப்படும் சொல் தெரு முழுவதற்கும் கேட்கும் என்று முன்பே பார்த்தோம். அப்படியிருக்க, உள்ளே வர விரும்பும் டேப்லெட் கடவுச்சொல்லை உரக்கச் சொன்னால் அண்டை வீட்டாரும் அதை அறிவார்; சொல்லாவிட்டாலோ ரூட்டர் அதை எப்படி நம்பும்? மறுபக்கத்திலும் இதே சந்தேகம் உண்டு: நம் வீட்டின் பெயரைத் தாங்கி நிற்பது நம் பெட்டிதானா, அல்லது அதே பெயரைச் சூட்டிக்கொண்டு தெருவில் நிற்கும் வஞ்சகப் பெட்டியா என்று டேப்லெட்டுக்கு எப்படித் தெரியும்? 1997-ல் வெளியான முதல் வைஃபை விதிநூல் இதற்கு வகுத்த பாதுகாப்பு முறை பலவீனமானது. ஃப்ளூரர், மேன்டின், ஷமீர் என்ற மூவர் 2001-ல் அதன் அஸ்திவாரத்திலேயே இருந்த விரிசலை எடுத்துக்காட்டிய பிறகு அதை நம்புவதற்கில்லாமல் போயிற்று. இடைக்கால ஏற்பாடு ஒன்று 2003-லும், இன்றளவும் பெரும்பாலான வீடுகளைக் காத்துவரும் இரண்டாம் முறை 2004-லும் வந்தன.

அந்த இரண்டாம் முறையில் கடவுச்சொல் காற்றில் ஒருபோதும் பயணம் செய்வதில்லை. நாம் விரலால் தட்டியதும் டேப்லெட் அச்சொல்லையும் நம் வைஃபையின் பெயரையும் ஒன்றுசேர்த்து, 4,096 முறை திரும்பத் திரும்ப அரைத்து, மூலத்தை எளிதில் ஊகிக்க இயலாத ஒரு நீண்ட ரகசிய எண்ணை உண்டாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ரூட்டரிடமும் அதே எண் இருக்கிறது. பிறகு நான்கே செய்திகள் பரிமாறப்படுகின்றன. ரூட்டர், அந்தக் கணத்துக்கென்றே பொறுக்கிய ஓர் எண்ணை வெளிப்படையாகச் சொல்கிறது. டேப்லெட் தானும் அப்படி ஓர் எண்ணைப் பொறுக்கி, இரண்டு எண்களையும் தன்னிடமுள்ள ரகசியத்தையும் கலந்து அன்றைய சந்திப்புக்கு மட்டும் உரிய சாவி ஒன்றைச் செய்து, தன் எண்ணையும், அந்தச் சாவியால் இட்ட ஒரு முத்திரையையும் அனுப்புகிறது. ரூட்டர் அதே கலவையைத் தன்னிடத்தில் செய்து பார்க்கிறது. முத்திரை பொருந்தினால் எதிரே நிற்பவர் ரகசியத்தை அறிந்தவர் என்று நிச்சயமாகிறது. உடனே அதுவும் தன் முத்திரையை இட்டு, வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் பொதுவான இன்னொரு சாவியைப் பூட்டிய உறையில் வைத்துக் கொடுக்கிறது. டேப்லெட் அந்த முத்திரையைச் சரிபார்ப்பதால், தானும் வஞ்சிக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்கிறது. நான்காவது செய்தி, பெற்றுக்கொண்டேன் என்னும் ஒப்புதல். இருவரும் ரகசியத்தை அறிவார்கள். இருவரும் மற்றவர் அறிவார் என்பதை அறிந்தார்கள். ஒருவரும் அதை உச்சரிக்கவில்லை. ஒட்டுக்கேட்டவனுக்கு இரண்டு எண்களும் சில முத்திரைகளும் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மனித புத்தி சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டுபிடித்தவற்றுள், அறிவை வெளியிடாமலே அறிவுக்கு அத்தாட்சி காட்டும் இந்த உபாயத்துக்குச் சமமான நயமுடையவை சிலவே என்பது என் துணிபு.

அந்தக் கணத்துக்கென்று பொறுக்கும் எண்ணைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அது ஏன்? நேற்று நடந்த சம்பாஷணையை முழுதும் பதிவு செய்துகொண்ட ஒருவன் இன்று அதையே ஒப்பித்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. எதிர்பாராத எண், முன்பு வராத எண், இனி வரக் கூடாத எண் என்று அமைந்தால்தான் காவல் நிலைக்கும். மதுராந்தகத்திலிருந்து பேருந்தில் சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் அவ்வூர் மகாசபை செய்து கல்லில் வெட்டிவைத்த ஏற்பாடு இதே நம்பிக்கையின்மேல் எழுந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையோர் அனைவரும் கூடியிருக்க, பெயரின் பேதம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்தார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை மறைந்திருக்கலாகாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அப்படித் தேர்ந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். தற்செயலை நேர்மையின் காவலாளியாக நியமிக்கலாம் என்பதையும், ஒருமுறை வந்தது உடனே திரும்பி வரக் கூடாது என்பதையும் பத்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்து ஊரார் அறிந்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையே வம்சத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்ப்பெருமை. ஒரே விதமான கவலை இரண்டு காலங்களில் ஒரே விதமான நிவாரணத்தைத் தேடிற்று என்பதே என் கருத்து.

அந்த நியமம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் 2017 அக்டோபரில், மேற்சொன்ன நான்கு செய்திகளுள் மூன்றாவதை மறுபடியும் அனுப்பச் செய்வதன் மூலம், ஏற்கெனவே நிறுவிய சாவியையே கருவி மீண்டும் நிறுவும்படியும், முன்பே செலவழிந்த எண்களைத் திரும்பவும் எடுத்து வழங்கும்படியும் செய்யலாம் என்று நிரூபித்தார். உலகெங்கும் கருவிகளுக்குத் திருத்தங்கள் அனுப்பப்பட்டன. இன்னொரு பலவீனம் நம் கையில் இருப்பது: சம்பாஷணையை ஒட்டுக்கேட்டவன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், நிதானமாக, லட்சக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து முத்திரை பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். எட்டு எண்கள் கொண்ட கடவுச்சொல்லும், மகன் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்த கடவுச்சொல்லும் இந்தச் சோதனைக்கு நெடுநேரம் தாங்கமாட்டா. 2018-ல் அறிமுகமான மூன்றாம் முறை இவ்வாறு தனியிடத்தில் வைத்துச் சோதிக்கும் வழியை அடைத்துவிட்டது; ஆனால் அதைப் பேசத் தெரியாத பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

உள்ளே வந்த டேப்லெட்டுக்கு ரூட்டர் ஒரு முகவரி தருகிறது. அதுவும் சாசுவதமன்று, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகத் தரப்படுவது. காலம் முடியுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் அந்த முகவரியே அடுத்த வீட்டிலும் வேறொரு கருவிக்கு வழங்கப்பட்டிருக்கலாம். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண் என்பதால் குழப்பம் விளைவதில்லை. இது சிறு விஷயம்.

பெரிய விஷயம் எழுத்தைப் பற்றியது. கடவுச்சொல்லில் 8 முதல் 63 வரை எழுத்துகள் இருக்கலாம் என்கிறது இரண்டாம் முறையின் விதி; ஆனால் அவை ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் 95 குறிகளுக்குள் அடங்க வேண்டும். அதில் அகரத்துக்குக்கூட இடமில்லை. மொழி எது என்று கேட்டபோது தமிழ் என்று நாம் சொல்ல, அதுமுதல் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழிலேயே காட்டிவந்த டேப்லெட், வாசலில் நிற்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் ஆங்கில விசைப்பலகையை நீட்டுவதற்குக் காரணம் இதுதான். மூன்றாம் முறையின் விதிநூல் பிற எழுத்துகளுக்கும் வழிவிடுகிறது. நடைமுறையில் வீடுகளுக்கு வந்து சேரும் பெட்டிகளில் அந்த வழியைக் காண்பது அரிது. வைஃபைக்குச் சூட்டும் பெயரிலோ தமிழுக்குத் தடை கிடையாது, இடம்தான் குறுகல். அப்பெயர் 32 பைட்டுகளுக்கு மேற்படக் கூடாது. ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே மூன்று. மதுராந்தகம் என்ற பெயரில் இப்படிப் பதினொரு குறியீடுகள், ஆக 33 பைட். ஒரே ஒரு பைட் அதிகமானதால் எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் முழுதாக எங்கள் வைஃபைக்குச் சூட்ட முடியாது. பக்கத்துக் கருங்குழி 27 பைட்டில் அடங்கிவிடுகிறது. செய்யூர் 24-ல் அடங்கிவிடுகிறது. செங்கல்பட்டும் உத்திரமேரூரும் 36 ஆகி வெளியே நிற்கின்றன. இந்த எல்லையை வகுத்தவர்கள் தமிழை அவமதிக்க எண்ணியவர்கள் அல்லர். அவர்கள் மனத்தில் தமிழ் இருக்கவே இல்லை. அப்படி இருக்காமல் போனதன் விளைவு, எண்பது வயதில் ஒரு கருவியை வாங்குபவரின் விரல்நுனியில் வந்து தங்குகிறது.

என் சித்தியைச் சொல்கிறேன். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்ட பின் பத்திரிகைகளைப் பெரிய எழுத்தில் வாசிப்பதற்கென்று தம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு டேப்லெட் வாங்கினார். இணைப்பு கொடுக்கும் பையன் வந்து, ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்புறத்துச் சீட்டில் அச்சிட்டிருந்த பதினைந்து பதினாறு எழுத்துகளை வேகமாகத் தட்டி முடித்தபோது, சித்தி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, இந்த எழுத்தெல்லாம் யாரு வெச்சது?”

“கம்பெனியிலிருந்தே அச்சடிச்சு வருதும்மா.”

“அப்போ கம்பெனிக்குத் தெரியும், உனக்கும் தெரியும். வீட்டுக்காரி எனக்குத்தான் தெரியாது. நானா ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?”

“தாராளமா வெச்சுக்கலாம்மா. யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்களும் சொல்றதில்ல.”

அந்தப் பையன் மரியாதையானவன். உட்கார்ந்து பொறுமையாக மாற்றிக் கொடுத்தான். சித்தி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களைத் தேர்ந்து, அவற்றை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவதென்று ஒரு தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்து, தாமே தட்டி, பிறகு அதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டார். காகிதத்தில் எழுதுவது ஆபத்து என்று எச்சரிப்பவர்கள் உண்டு. வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கையை நான் ஏற்கவில்லை. தெருவில் ஒட்டுக்கேட்பவனுக்குப் பஞ்சாங்கம் எட்டாது. நீண்ட சொல்லை எழுதி வைப்பது, குறுகிய சொல்லை நினைவில் வைப்பதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு பத்திரமானது. அன்றுமுதல் விருந்தினர் வந்தால் அவர்களுடைய கைப்பேசியைச் சேர்த்துவிடுபவர் சித்திதான். முன்பெல்லாம் பேரனுக்குப் போன் செய்துதான் அந்த அனுமதி கிடைத்தது.

வீட்டில் யார் அந்தச் சொல்லை அறிவார் என்பது அற்பமான சங்கதி என்று எனக்குத் தோன்றவில்லை. நம் குடும்பங்களில் பெரும்பாலும் அதை அறிந்திருப்பவன் வீட்டிலுள்ள இளைய ஆண்பிள்ளை. அவன் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விட்டால், மின்சாரம் போய் வந்த பிறகோ, கருவி மாறிய பிறகோ, தாயும் பாட்டியும் தங்கள் வீட்டுக் காற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். ரேஷன், ஓய்வூதியம், மருத்துவருக்கு முன்பதிவு என்று ஒவ்வொன்றாய்த் திரைக்குள் புகுந்துவிட்ட காலம் இது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுசேர்க்கும் பணியை அரசு மேற்கொண்டிருக்கிறது. 2024-ல் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென ஏறத்தாழ 80,000 டேப்லெட்டுகள் வழங்க ஏற்பாடாயிற்று. கம்பியும் கருவியும் வருகின்றன; திறவுகோல் யாரிடம் என்ற கேள்வியை மட்டும் யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். 1798-ஆம் ஆண்டு மழையில் கரை உடையும் நிலையில் இருந்தபோது, வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது ஐதீகம். அவர்கள் காத்தது வயல்களுக்குப் போய்ச் சேர வேண்டிய நீரை. மதகு யாருக்கும் திறக்கத் தெரியாமல் போயிருந்தால் அந்தக் கரை நின்றும் பயனில்லை.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. உங்கள் ரூட்டரின் அடிப்புறத்துச் சீட்டில், அதன் அமைப்புகளைத் திறக்கும் முகவரியும் அதற்கான முதல் கடவுச்சொல்லும் அநேகமாக அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரைக் கேளுங்கள். அந்தக் கடவுச்சொல், வைஃபையின் கடவுச்சொல் ஆகிய இரண்டையும் மாற்றுங்கள். வைஃபைக்கு நான்கைந்து சம்பந்தமற்ற சொற்களாலான நீண்ட தொடர் ஒன்றை வைத்து, வீட்டிலுள்ள மூத்த பெண்மணி தம் கையாலேயே அதை ஒருமுறை தட்டிப் பார்க்கும்படி செய்து, அவருக்கு வசதியான இடத்தில் எழுதி வையுங்கள். பெட்டிகளைச் செய்பவர்களுக்கும், அவற்றை லட்சக்கணக்கில் வாங்கும் அரசு நிறுவனங்களுக்கும், தமிழிலேயே கடவுச்சொல் வைக்க இடங்கொடுக்கும் கருவிகள்தாம் வேண்டும் என்று எழுதுங்கள். விதிநூல் ஏற்கெனவே அனுமதித்திருப்பதைக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.